வைகறையும் மிதிவண்டியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புதுக்கவிதையில் மிகுதியாக உழைத்துக் களைத்த சொல் எது என்று கணக்கெடுத்தால், 'விடியல்' என்ற சொல் முன்வரிசையில் வந்து நிற்கும். 1971ஆம் ஆண்டு கோவையிலிருந்து 'வானம்பாடி' இதழ் புறப்பட்ட காலம்தொட்டு, விடியலைப் பாடாத தொகுப்பு அரிது. அக்கவிதைகளில் விடியல் வரும்; பிறக்கும்; சில வேளைகளில் வெடிக்கவும் செய்யும். ஆனால் அந்த விடியலைக் காண்பதற்காக அக்கவிதைக்குள் எவரும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எழுவதில்லை. எழுந்தவர் எத்தனை மணிக்குப் படுத்தார், அவரை எழுப்பியவர் யார், அவர் எழுந்தபின் அடுப்பைப் பற்றவைத்தவர் யார் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை.

இவ்வுரையின் பொருள் மிகச் சிறியது. ஓசூரை ஒட்டிய பகுதியில் ஒரு பெண், வேறு எந்த வேலைக்காகவும் இன்றி, மிதிவண்டியில் ஒரு சுற்றுச் சென்று வருவதற்காக மட்டும் விடியுமுன் எழ விரும்புகிறாள். அவளால் எழ முடியுமா? முடியாதெனில் ஏன்? இந்தச் சிறு கேள்விக்குள் தமிழ் இலக்கியத்தின் பழைய வழக்கு ஒன்றும், இன்றைய தொழில் நகரத்தின் வாழ்க்கை முறையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

முதலில் இடத்தைக் காண்போம். ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் அமைந்த ஊர். இங்கிருந்து சூளகிரி, மேலுமலை வழியாக இறங்கினால் கிருட்டிணகிரி. எதிர்த்திசையில் சூசூவாடியைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லை நிலம் இது. மார்கழி, தை மாதங்களில் இங்கே குளிர் எலும்பைத் தொடும். கேழ்வரகுக் கொல்லைகளின் மேல் மூடுபனி கிடக்கும். மிதிவண்டி ஓட்டுபவர் விரும்பக்கூடிய காலைகள் வேண்டுமெனில், தமிழகத்தின் சமவெளிகளில் கிடைக்காதவை இங்கே ஆண்டில் பல மாதங்கள் கிடைக்கின்றன.

இந்த ஊரே இருசக்கர வண்டிகளின் ஊர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லக்கூடிய டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கே நிறுவியது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் மின் இருசக்கர வண்டித் தொழிற்சாலை அமைத்த ஓலா நிறுவனம், அது முழுவதும் பெண்களாலேயே இயக்கப்படும் என்று 2021இல் அறிவித்தது. சக்கரங்களைச் செய்யும் கைகளும், நேரத்தைச் செய்யும் கைகளும் உள்ள நிலம் என்று இதனைச் சொல்லலாம். இங்கே வாழும் ஒரு பெண்ணுக்குத் தனக்கென ஒரு சக்கரமும் தனக்கென ஒரு மணி நேரமும் வாய்க்கின்றனவா என்பதே வினா.

நேரத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஓசூர் அதற்கு மேற்கே, 78 பாகையை ஒட்டி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், ஓசூரின் கதிரவன் கடிகாரத்திற்கு ஏறத்தாழ 19 நிமிடம் பின்தங்கியே வருகிறான். சூன் மாதத் தொடக்கத்தில் ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்பாகவும், சனவரி மாதத்தில் ஆறே முக்கால் மணியை ஒட்டியும் இங்கே ஞாயிறு எழுகிறது. காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டு தொடங்கும் ஆலைக்குச் செல்பவர், ஆண்டின் பெரும்பகுதியில் ஞாயிறு எழுமுன்பே ஆலை வாயிலைக் கடந்துவிட வேண்டும். வைகறையில் விழித்திருப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. வைகறையைத் தமக்கென உடையவர்களுக்கே பஞ்சம்.

இனி இலக்கியத்திற்கு வருவோம். தொல்காப்பியர் ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து, வைகறையையும் விடியலையும் மருதத்திற்கு உரியனவாக்கினார். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிற் பிரிந்த தலைவன் இல்லம் மீளும் வேளை வைகறை. இரவெல்லாம் துயிலாத தலைவி வாயிலை அடைக்கும் வேளையும் அதுவே. இந்த அமைப்பில் ஒன்று கருதத்தக்கது. வைகறையில் தெருவில் இருப்பவன் ஆண். வைகறையில் வீட்டுக்குள் விழித்திருப்பவள் பெண். அவள் விழித்திருப்பது அவன் பொருட்டு. அவளுடைய விழிப்புக்கு இலக்கணம் உண்டு. அந்த விழிப்பு அவளை வாயிலுக்கு வெளியே கொண்டுசெல்ல இலக்கணம் இல்லை.

எழுப்புதலுக்கும் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. புறத்திணையில் துயிலெடை நிலை என்றொரு துறை இருக்கிறது. பாசறையில் துயிலும் மன்னனைச் சூதர் புகழ்பாடி எழுப்புவது அது. பின்னர் மன்னன் இருந்த இடத்தில் இறைவன் அமர்ந்தான். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்கும், மாணிக்கவாசகர் பெருந்துறைச் சிவபெருமானுக்கும் பத்துப் பத்துப் பாடல்களில் திருப்பள்ளியெழுச்சி பாடினர். பின்னும் ஓராயிரம் ஆண்டு கழித்துப் பாரதியார் அதே வடிவத்தைப் பாரத மாதாவுக்கு ஆக்கினார். மன்னன், இறைவன், நாடு என எழுப்பப்படுவோர் மாறினர். எழுப்புபவர் அனைவரும் முன்னரே எழுந்து நின்றவர்கள். அவர்களை எழுப்பியவர் யார் என்று எந்தப் பள்ளியெழுச்சியும் சொல்லவில்லை.

இந்த வரிசைக்கு அப்பால் நிற்பவை பாவைப் பாடல்கள். திருப்பாவையில் ஆறாம் பாடல் முதல் பதினைந்தாம் பாடல் வரை, பத்துப் பாடல்களில், பெண்கள் தம் தோழியரை ஒவ்வொரு வாயிலாகச் சென்று எழுப்புகிறார்கள். திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடல்களும் அவ்வாறே. எழாத தோழியைக் கேலி செய்கிறார்கள். அவள் உள்ளிருந்தே மறுமொழி சொல்கிறாள். பறவைகள் ஒலித்துவிட்டன, வெள்ளி எழுந்துவிட்டது என்று விடிந்தமைக்குச் சான்று காட்டுகிறார்கள். இறுதியில் அவர்கள் சென்று சேரும் இடம் இறைவனின் திருமுன்தான். எனினும் எழுப்பும் முறையில் ஒரு புதுமை இருக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை, வீட்டு வேலைக்கு அன்றி, வெளியே வருவதற்காக எழுப்புகிறாள். உறங்குவோர் எல்லாரும் எழுந்து வந்த பின்பே கூட்டம் புறப்படுகிறது. இந்தக் குறிப்பைச் சற்றுப் பொறுத்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் ஒரு கற்பனைப் பாத்திரமே. ஆயினும் இவ்வவையில் உள்ளோர் அவளை அறிவர். மத்திகிரிப் பக்கம் ஒரு வாடகை வீடு. நாற்பதை நெருங்கும் அகவை. கணவர் ஆலையில் இரண்டாம் ஷிப்டு; வீடு திரும்ப இரவு பதினொன்றாகும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மகனுக்கு உயரம் கூடிவிட்டதால் ஓட்டுவாரற்று நிற்கும் மிதிவண்டி ஒன்று மாடிப்படியின் கீழே இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் அவள் மிதிவண்டி ஓட்டியவள். ஒரு நாள் அதன் தூசியைத் துடைக்கும்போது, காலையில் ஒரு மணி நேரம் இதில் சென்று வந்தால் என்ன என்ற எண்ணம் அவளுக்குத் தோன்றுகிறது.

கைப்பேசியில் நாலரை மணிக்கு மணி வைக்கிறாள். முதல் நாள் எழுகிறாள். இரண்டாம் நாள் எழுந்து அமர்ந்து, மீண்டும் படுக்கிறாள். மூன்றாம் நாள் மணியை அணைத்ததே நினைவில் இல்லை. வீட்டார் சிரிக்கிறார்கள், அவளும் சேர்ந்து சிரிக்கிறாள், தனக்கு மன உறுதி போதாது என்று முடிவு செய்கிறாள்.

அந்த முடிவு தவறானது. இது மன உறுதியின் குறை அன்று. கூட்டல் கழித்தலின் குறை. பெரியவர் ஒருவருக்கு நாள்தோறும் ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. நாலரைக்கு எழ வேண்டுமாயின் ஒன்பதரைக்கு உறங்கியிருக்க வேண்டும். ஒன்பதரைக்கு அவள் மறுநாளைய மாவை அரைத்துக்கொண்டிருக்கிறாள். பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுகிறாள். பதினொன்றுக்குக் கணவருக்கு உணவைச் சூடாக்குகிறாள். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுபவள் ஐந்து மணி நேரமே உறங்கியவள். அவள் உடல் மூன்றாம் நாள் மறுத்தது அறிவுடைய செயல்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருப்பதை அறிவியல் இன்று தெளிவாக அறிந்திருக்கிறது. பழ ஈக்களை ஆராய்ந்து அக்கடிகாரத்தின் மூலக்கூறு அமைப்பைக் கண்ட செஃப்ரி ஹால், மைக்கேல் ரோசுபாசு, மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. மாலை இருள மெலடோனின் என்னும் சுரப்பு மிகுந்து உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. இரவில் கண்ணில் விழும் வலிய ஒளி அதனைத் தள்ளிப்போடுகிறது. காலை ஒளி அந்த உட்கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது. எனவே எழும் நேரத்தை ஒரே நாளில் ஒரு மணி நேரம் முன்னே இழுப்பதைவிட, சில நாளுக்கொருமுறை கால் மணியாக முன்னே கொண்டுவருவது எளிது. எழுந்தவுடன் தலையில் கனக்கும் மந்தம், பெரும்பாலும் கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் தானே விலகும். அந்த மந்தத்தின் பேச்சைக் கேட்டு எந்த முடிவும் எடுத்தல் ஆகாது. மிதிவண்டிக்கு முதல் நாள் மாலையே காற்றடித்து, விளக்கைச் சோதித்து, உடையையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டால், இருளில் தேடி வீட்டாரை எழுப்ப நேராது. நாளை பார்க்கலாம் என்று திரும்பிப் படுக்க ஒரு காரணமும் குறையும்.

இவை எல்லாம் பயனுள்ள உத்திகள். ஆனால் அவை அனைத்தும் ஒன்றை முன்கொள்கின்றன: உறங்கப் போகும் நேரம் ஒருவரின் கையில் இருக்கிறது என்பதை. அந்தப் பெண்ணின் கையில் அது இல்லை. விடியல் கிழக்கில் தொடங்குவதாகக் கவிதைகள் சொல்கின்றன. அவளைப் பொறுத்தவரை விடியல் முந்தின இரவில், சமையலறையில் தொடங்குகிறது. மாவை மகன் அரைத்தால், கணவர் தம் உணவைத் தாமே சூடாக்கிக்கொண்டால், பாத்திரத்தை மகள் மட்டுமன்றி மகனும் கழுவினால், நாலரை மணி அவளுக்கு எட்டும் தூரத்திற்கு வந்துவிடும். அவளுக்குக் காலையில் ஒரு மணி நேரம் தர விரும்பும் குடும்பம், அதை இரவில்தான் தர முடியும்.

பெண்ணையும் மிதிவண்டியையும் பற்றிய இந்த எண்ணம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. உழவுக் கூலியரும், கல்லுடைப்பவரும், ஊர்ப்புற ஆசிரியைகளும் ஓட்டப் பழகினர். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே கற்றனர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் அதனையே விரும்பியவரும் இருந்தனர். 1992 மார்ச் 8, அனைத்துலக மகளிர் நாளன்று, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்தவாறு வண்டிகளில் அணிவகுத்தனர். அங்கே சென்று அவர்களைக் கண்டெழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்ப்புறப் பெண்கள் ஓட்டப் பழகியதைப் பதிவு செய்திருக்கிறார். அறிவொளித் தொண்டரான முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாடல் அவ்வியக்கத்தின் பண்ணாகவே ஆயிற்று. புதுக்கோட்டையில் ஒரு கவிதை செய்த வேலை அது. இந்த வட்டத்துக் கவிஞர்கள் எண்ணத்தக்கது.

கடல் கடந்தும் இத்தகைய சான்று உண்டு. அமெரிக்கத் தொண்டர் பிரான்செஸ் வில்லர்ட் தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில், நாளொன்றுக்குக் கால் மணி அளவில் மூன்று மாதம் பழகி மிதிவண்டி கற்று, அந்த அனுபவத்தை 1895இல் நூலாக வெளியிட்டார். பெண் விடுதலைக்கு வேறெதையும் விட மிதிவண்டியே மிகுதியாக உதவிற்று என்ற கருத்தை, வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் அந்தோணி 1896இல் வெளியிட்டார்.

எனினும் புதுக்கோட்டைக்கும் மத்திகிரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. புதுக்கோட்டைப் பெண் பேருந்துக்குக் காத்திராமல் வேலைக்குச் சென்றாள். தண்ணீர்க் குடத்தை வண்டியில் ஏற்றினாள். குழந்தையைப் பள்ளியில் இறக்கினாள். அந்த வண்டிக்கு வீட்டில் ஒரு பயன் இருந்தது. ஊரும் மெல்ல ஏற்றுக்கொண்டது. மத்திகிரிப் பெண் கேட்பதில் வீட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. அவள் எதையும் சுமந்து வரப் போவதில்லை. அவளுக்குச் சக்கரம் தடைப்படவில்லை. காரணமில்லாத ஒரு மணி நேரமே தடைப்படுகிறது. உடல் நலத்திற்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரம் உடனே அனுமதி பெற்றுவிடும். விருப்பத்திற்கென்று கேட்டால் வீடு புன்னகை செய்யும். இந்தப் புன்னகையைக் கடப்பது, தெருவில் எழும் ஏளனத்தைக் கடப்பதைவிடக் கடினமாக இருக்கக்கூடும்.

இங்கேதான் பாவைப் பாடல்கள் மீண்டும் உதவிக்கு வருகின்றன. தனியே எழுபவள் தன்னோடு மட்டும் ஒப்பந்தம் செய்தவள். அதனை மீறுவது எளிது. தெருமுனையில் ஐந்து மணிக்கு இன்னொருத்தி குளிரில் வண்டியோடு நிற்கிறாள் என்று அறிந்தவள், எவ்வாறேனும் எழுவாள். வர இயலாத நாளில் முன்னிரவே சொல்லிவிடுவாள். இருவர் நால்வராகும்போது, வீட்டுப் புன்னகை வழக்கமாக மாறிவிடும். 'அவர்கள் காத்திருக்கிறார்கள்' என்ற ஒரு தொடர், 'எனக்கு விருப்பம்' என்ற தொடர் திறக்காத கதவைத் திறக்கும். விருப்பம் ஒன்றே கதவைத் திறக்கப் போதுமான காலம் வரவேண்டும். அது வரும்வரை தோழமை துணை.

கூட்டமாகச் செல்வதற்கு இந்நிலத்தில் வேறு காரணமும் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் வைகறைச் சரக்கு லாரிகளின் நடுவே மிதிவண்டி புகுதல் கூடாது. மூடுபனியில் பின்விளக்கு இல்லாத வண்டி கண்ணுக்குப் புலப்படாது. குளிர்கால மாதங்களில் பன்னார்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவுக் காடுகளுக்கு வருகின்றன. இரவில் கேழ்வரகு மேய்ந்து விடியுமுன் காடு திரும்புகின்றன. அந்தக் காட்டோரச் சாலைகளை, நன்கு விடியும்வரை அவற்றிற்கே விட்டுவிடுதல் முறை. ஊர்ப்புறக் கிளைச் சாலைகள், ஏரிக்கரைகள் ஆகியவையே மிதிவண்டிக்கு ஏற்றவை.

அவ்வாறு ஒரு கிளைச் சாலையில் அப்பெண்கள் தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் செல்வதாகக் கொள்வோம். பசுமைக்குடில்களிலும் வயல்களிலும் ரோசாப் பறிப்பவர்கள் அவர்களுக்கு முன்பே வேலையில் இருப்பார்கள். கிழக்கு வெளுக்கும். ஆற்றின் மேல் வெண்மையாக ஏதோ அடர்ந்து கிடக்கும். மேசையிலிருந்து விடியலை எழுதுபவர் அதனை மூடுபனி என்று எழுதிவிடுவார். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பவருக்கு, மேற்புறத்து மாநகரின் கழிவு கலந்து அண்மை ஆண்டுகளில் பல நாள்கள் பொங்கி வரும் நுரை அது என்பது விளங்கும். விடியல் அவர்களுக்கு அழகாகவும் இருக்கும், நாற்றத்தோடும் இருக்கும். இரண்டையும் கண்டவரின் சொல்லுக்கே 'விடியல்' என்ற களைத்த சொல்லை மீண்டும் எழுந்து நடக்கச் செய்யும் ஆற்றல் உண்டு.

கவிஞர் பெருமக்களே, இந்த வட்டம் பத்தாண்டுகளில் எத்தனையோ விடியல் கவிதைகளைக் கேட்டிருக்கிறது. பதினோராம் ஆண்டில் ஒரு சிறு செயல் போதும். அடுத்த விடியல் கவிதையை எழுத அமரும் இரவில், அவரவர் வீட்டுச் சமையலறையில் விளக்கு இன்னும் எரிகிறதா என்று ஒருமுறை எழுந்து சென்று பார்க்க வேண்டும். எரிந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு அங்கே மீந்திருக்கும் பாத்திரங்களைக் கழுவி முடிக்க வேண்டும். மறுநாள் நாலரை மணிக்கு, மாடிப்படியின் கீழே நிற்கும் மிதிவண்டியின் பூட்டு திறக்கும் ஓசை கேட்கக்கூடும். கவிதையை அதன் பின்னர் எழுதிக்கொள்ளலாம்.